பத்து மணி பஸ்

எங்கள் வீட்டுக்குக் கடதாசி என்று எது வந்தாலும் அதை வாசிக்கும் பொறுப்பு ஒன்பது வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. கரண்ட் பில், மீன்பிடிச் சங்கத்துக் கடிதம், கோவில் பெருநாள் அறிவித்தல், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் சீட்டு, எல்லாம் என் கைக்குத்தான் வரும். அப்பா கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எழுத்து அவருக்குத் தேவைப்பட்டதில்லை. எங்கள் பரம்பரையில் ஐந்தாம் வகுப்புக்குப் போன முதல் ஆள் நான். நான் கடதாசியை விரித்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த மரியாதையை ஒரேயொரு முறை நான் தவறாகப் பயன்படுத்தினேன்.

நாட்டில் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா குவைத்திலிருந்து ஒரு மாத விடுமுறையில் எங்கள் கடற்கரை ஊரான ஆலங்குடாவுக்கு வந்திருந்தார். அவர் வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. அதன்பின் என்னை வளர்த்தது அப்பாவின் அக்காவான மாமி. அம்மா என்பவர் எனக்கு வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசிக்குள் இருந்து வரும் ஒரு குரல். அந்தக் குரல் ஒரு நாள் சில்லுப் பூட்டி இழுக்கிற பெரிய பையோடு முற்றத்தில் வந்து நின்றபோது, நான் மாமியின் பின்னால் ஒளிந்துகொண்டேன். முதல் மூன்று வாரமும் அவரை அம்மா என்று கூப்பிட வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொண்டேன். ஏதாவது தேவையென்றால் அவருக்கு எதிரே போய் நிற்பேன். அவரே கேட்பார்.

விடுமுறை முடிய ஆறு நாள் இருக்கையில் அம்மா ஓர் ஏற்பாடு செய்தார். கொழும்புக்குப் போகும் வழியில், பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த விளையாட்டுப் பூங்கா ஒன்றில் அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் இரண்டு இரவு தங்கப் போகிறோம். குவைத்தில் அவர் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் இப்படியான இடங்களுக்கு அடிக்கடி கூட்டிப் போவார்களாம். அம்மா பைகளையும் கழற்றிய சப்பாத்துகளையும் பிடித்துக்கொண்டு கீழே நிற்பாராம்.

"எல்லாத்தையும் கீழ நிண்டு பாத்தாச்சு. ஒருக்கா எங்கட பிள்ளையோட ஏறிப் பாக்கோணும்" என்றார் மாமியிடம்.

அப்பாவுக்கு விருப்பமில்லை. ஆனாலும் அம்மா கேட்டதை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்க இன்னும் நாள் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் மீன்பிடிப் படகைக் கரைமேல் இழுக்காமல் தண்ணீருக்குக் கிட்ட இருந்தபடியே விட்டுவிட்டு வந்தார்.

பூங்காவில் அப்பாவை மிகவும் யோசிக்க வைத்தது அலைக்குளம். மணி அடித்ததும் ஒரு சுவரின் அடியிலிருந்து அலை கிளம்பி வரும். பெரியவர்களும் பிள்ளைகளும் கூச்சலிட்டுக்கொண்டு அதில் குதிப்பார்கள். அப்பா நீளக் காற்சட்டையோடு கரையில் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார்.

"மணி அடிச்சா அலை வருது, மணி அடிச்சா நிக்குது. எங்கட கடலுக்கு இந்தப் பழக்கத்த ஆர் படிப்பிக்கிறது?"

"நீங்களும் இறங்குங்கவன்" என்றார் அம்மா.

"கடல்காரன் சும்மா தண்ணியில இறங்கினா ஆக்கள் சிரிப்பாங்க."

எனக்கு அலையும் வேண்டாம், சறுக்கும் வேண்டாம். பூங்காவின் நடுவில் நின்ற இராட்சத ராட்டினம்தான் வேண்டும். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் கடல் தெரியுமென்று வழியில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் வாடகை வான் வண்டியில் வந்த பயணம் அம்மாவுக்குத் தலைச்சுற்றைக் கொடுத்திருந்தது. அன்று மாலை ராட்டினத்தின் கீழே நின்று மேலே பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாளைக்குக் காலம்பற முதல் ஆளா ஏறுவம் மகள். சத்தியமா."

அடுத்த நாள் காலை, எங்கள் அறைக் கதவின் அடியால் ஒரு கடதாசியை யாரோ தள்ளிவிட்டுப் போனார்கள். அம்மா அப்போதுதான் கீழேயிருந்து மூன்று கோப்பை தேநீரோடு வந்திருந்தார். அப்பா கடதாசியை எடுத்து, மேலும் கீழும் பார்த்து, வழக்கம்போல என்னிடம் நீட்டினார்.

சிங்களம், ஆங்கிலம், கடைசியில் தமிழ். எங்கள் ஆசிரியை சொல்லித் தந்தபடி முதலில் மனதுக்குள் வாசித்தேன். இன்று பிற்பகல் மேற்குக் கரையோரத்தில் மிகப் பலத்த காற்றும் கடும் மழையும் எதிர்பார்க்கப்படுகின்றன. விளையாட்டுகள் காற்றைப் பொறுத்து நண்பகல் வரை மட்டுமே நடைபெறும். வீடு திரும்ப விரும்புவோருக்காகப் பத்து மணிக்குப் புத்தளம் வரை பஸ் ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. தங்குபவர்கள் குடிநீரையும் மெழுகுதிரியையும் வரவேற்பறையில் பெற்றுக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பட்டணமான புத்தளம் வரை பஸ் என்று வாசித்தால் என்ன நடக்குமென்று எனக்குத் தெரியும். அப்பா அந்த நிமிடமே பையைக் கட்டுவார்.

"பின்னேரம் மழை பெய்யுமாம். குடை வேணுமெண்டா கீழ கேக்கட்டாம்" என்றேன்.

"இதுக்கா இவ்வளவு எழுத்து?"

"மூண்டு பாசையிலயும் எழுதியிருக்கு அப்பா."

"அப்ப சரி" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார்.

ராட்டினம் ஓடத் தொடங்கும் பத்தரைக்கே நாங்கள் அங்கே போய் நின்றோம். கதவில் சங்கிலி போட்டிருந்தது. உள்ளே ஓர் இளைஞன் தொங்கும் கூடைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். காற்று முந்திவிட்டதாம், இனி இன்றைக்கு ஓடாதாம். நான் சங்கிலியைப் பிடித்து ஆட்டினேன். அப்பா அவன் போட்ட முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அது நிக்காது" என்று சிங்களத்தில் சொல்லி, சங்கிலியைத் தாண்டி உள்ளே போய் முடிச்சை அவிழ்த்துத் தானே போட்டார். இரண்டாவது கூடையைக் கட்டும்போது நிமிர்ந்து மேற்கே பார்த்தார். மூன்றாவதைக் கட்டவில்லை.

"குடைக்கு அடங்கிற மழை இல்ல இது" என்றார்.

அப்பாவுக்குத் தெரியாத அந்தப் பஸ் அதற்குள் போய்விட்டது. வேறு வாகனம் கிடைக்கவில்லை. எங்களைக் கொண்டுவந்து விட்ட வான்காரர் நாளைக்கு முன் வரமுடியாது என்றார். அப்பா ஊரில் இருந்த பெரியப்பாவை மறுபடி மறுபடி அழைத்தார். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. காற்று வருகிறதென்றால் எல்லோருமாகச் சேர்ந்து எல்லாப் படகுகளையும் மேலே இழுப்பார்கள். ஆனால் எந்த வீட்டு ஆள் கயிற்றில் நிற்கிறாரோ அந்த வீட்டுப் படகுக்குத்தான் முதல் முறை. ஆளில்லாத படகு கடைசி. இதில் அண்ணன் தம்பி என்று பார்ப்பதில்லை. கடைசி ஆள் வரை நின்று இழுக்க வைப்பதற்காக முன்னோர் வைத்த ஒழுங்கு அது. அப்பாவே அதைப் பலமுறை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவர்.

படகின் கதையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். எஞ்சினைப் பெரியப்பா கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். படகின் முறை வருமுன் அலை வந்துவிட்டது. அடுத்த நாள் நாங்கள் போய்ப் பார்த்தபோது அது இன்னொரு படகின்மேல் ஏறிக் கிடந்தது. ஒரு பக்கம் முன்முனையான அணியத்திலிருந்து பாதி வரை பிளந்திருந்தது. அப்பா அந்தப் பிளவுக்குள் கையை விட்டு, "காத்து சொல்லிப்போட்டா வருது?" என்று மட்டும் சொன்னார். அது மூன்று மொழிகளில் சொல்லிவிட்டுத்தான் வந்தது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. புதுப் படகுக்காக இன்னும் இரண்டு வருடம், அத்தோடு போதும் என்று சொல்லிவிட்டுப் போன அம்மா, அந்த இரண்டு முடிந்ததும் அங்கிருந்தே இன்னும் இரண்டு, பிறகு இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று இருந்துவிட்டார். அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நான் உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். என் பெட்டியை அடுக்கித் தந்தது அவர்தான். பெட்டி அடுக்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் வழியனுப்பியே பழகியவர்கள்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்தப் பிற்பகலைத்தான்.

இரண்டு மணிக்கெல்லாம் வானம் கறுத்துவிட்டது. அப்பா தொலைபேசியோடு படிக்கட்டின் முகப்பில் நின்றார்; அங்குதான் சிக்னல் கிடைத்தது. அறையில் அம்மா வேலையில் இறங்கினார். வாளியிலும் போத்தல்களிலும் தண்ணீர் பிடித்தார். கண்ணாடி ஜன்னலில் இருந்து கட்டிலைத் தள்ளி வைத்தார். பிறகு துவாய்களை நனைத்துப் பிழிந்து கதவிடுக்கிலும் ஜன்னல் இடுக்கிலும் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தார். உள்ளே எட்டிப் பார்த்த அப்பாவுக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்தது.

"மழைக்கு ஆராவது ஈரத்துணி வைப்பாங்களா? இது மண் காத்து இல்ல. எந்த ஊரில நிக்கிறம் எண்டே மறந்துபோச்சு உமக்கு."

அம்மா தன் கைகளைப் பார்த்தார். "அங்க தூசிக் காத்து அடிச்சா இப்பிடித்தான் செய்யிறது. பிள்ளையளுக்கு இருமல் வந்திரும்" என்றார். பிறகு துவாய்களை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர்களுடைய இருமலைத் தெரிந்து வைத்திருக்கிறாரே என்று நினைத்தேன். ஆனால் வெளியே ஏதோ தகரம் பிய்ந்து சரிந்த சத்தம் கேட்டதும் கோபம் போய்விட்டது. ஓடிப்போய்க் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் ஏறிப் படுத்துக்கொண்டேன். நானாக அவருக்குப் பக்கத்தில் போனது அதுவே முதல்முறை. அவர் உடம்பிலிருந்து எனக்குப் பழக்கமில்லாத ஒரு சவர்க்கார வாசம் வந்தது.

பயம் என்னை உண்மை பேச வைத்தது. "அம்மா, அந்தக் கடதாசியில வேற ஒண்டும் இருந்தது" என்றேன்.

"பஸ்தானே? பத்து மணிக்கு."

நான் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன்.

"தேத்தண்ணி எடுக்கப் போனபோது கீழ வேலைக்கு நிண்ட பிள்ளை சொன்னவ. நாங்க போகேல்ல, இருக்கிறம் எண்டு சொல்லிட்டுத்தான் மேல வந்தன்." அம்மா என் தலையைத் தன் கைமேல் எடுத்து வைத்தார். "அப்பாட்ட சொல்லாத. படகைப் பத்தி எனக்கு யோசனை வரேல்ல மகள். வந்திருக்கோணும்."

அப்பாவிடம் ஏச்சு வாங்காமல் தப்பினேன் என்ற நிம்மதி மட்டும்தான் எனக்கு வந்தது. அம்மா நல்லவர், என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

காற்று ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தினூடே அம்மா என் காதருகில் கேள்வி கேட்கத் தொடங்கினார். படுக்கும்போது எந்தப் பக்கம் ஒருக்களிப்பாய்? சுவர்ப் பக்கம். காலையில் என்ன சாப்பிடுவாய்? பாணும் சம்பலும், ஞாயிறு என்றால் பிட்டு. தலையை யார் பின்னி விடுவது? மாமி, ஆனால் இப்போது நானே பின்னுவேன். பல் எத்தனை விழுந்தது? ஏழு. காய்ச்சல் வந்தால் அழுவாயா? இல்லை. எந்த மீன் பிடிக்காது? சாளை, முள் அதிகம். பள்ளியில் பக்கத்தில் இருப்பது யார்? இருட்டுக்குப் பயமா? கனவில் பேசுவாயா?

ஒவ்வொரு விடையையும் அவர் வாய்க்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டார். இவ்வளவு இலகுவான கேள்விகளை ஏன் கேட்கிறார் என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஒன்றுக்கும் தடுமாறவில்லை நான். எல்லாவற்றுக்கும் விடை தெரிந்த பிள்ளையின் பெருமையோடு, அடுத்ததைக் கேளுங்கள், அடுத்ததைக் கேளுங்கள் என்று அவரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன்.