பாதியில் தீர்ந்த டைல்ஸ்

"கிராணி, டைல்ஸ் தீந்துபோச்சு. பாதித் தரைதான் முடிஞ்சிருக்கு!"

கொத்தனார் அந்தோணி ஸ்டோர் வாசலில் நின்று சொன்னதை நான் நம்பவில்லை. கணக்குப் போட்டவன் நான்.

அது வெள்ளைக்காரர் ஆட்சியில், காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்கப் போட்ட எமர்ஜென்சி காலம். ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக, சாமான் கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டும் அறைக்கு டைல்ஸ் பதிக்கத் துரை உத்தரவிட்டிருந்தார். இருபதடி நீளம், பதினைந்தடி அகலம். முந்நூறு சதுர அடி. டைல் அரையடிக்கு அரையடி. சதுர அடிக்கு இரண்டு என்று அறுநூறும், உடைசலுக்கு முப்பதும் மலையடிவாரத் தாப்பா நகரத்துக் கடைக்கு எழுதிக் கொடுத்தேன்.

அந்தோணி தரையில் ஓர் அடிக்கு ஓர் அடி கட்டம் போட்டு, உள்ளே டைல்ஸை அடுக்கிக் காட்டினார். நான்கு. நான் போட்டிருந்தது இரண்டு.

லாரி டிரைவர் வேலு அண்ணன் வந்தார். "போன வாரந்தானே ஏத்திட்டு வந்தேன்? மறுபடியும் தாப்பாவா? கடைக்காரன் கொறச்சுக் குடுத்துட்டானா?"

"ஆமாண்ணே," என்றேன். துரையிடமும் அதையே சொன்னேன்.

அப்போது மலைப்பாதையில் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுடுவார்கள். லாரிகள் போலீஸ் காவலோடு வரிசையாகத்தான் போகும். அப்படிப் போயும், திரும்பி வரும்போது ஒரு வளைவில் சுட்டுவிட்டார்கள். வலது தோளில் குண்டு பாய்ந்த வேலு அண்ணன், ஒற்றைக் கையால் ரிங்லெட்வரை ஓட்டி வந்தார். செய்தி கேட்டு ஓடினேன். லாரியின் சீட்டெல்லாம் ரத்தம். பின்னால் டைல்ஸ் பெட்டிகள் ஒன்றுகூட உடையாமல் இருந்தன.

ஒரு மாதம் கழித்து அவர் தோட்டத்துக்குத் திரும்பினார். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. அவருடைய லயத்து வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன்.

"கணக்குத் தப்புன்னு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பேன் கிராணி. வேலைன்னா போய்த்தானே ஆவணும்?" என்றார். பிறகு சொன்னார்: "அந்தக் கடைக்கார பாய் ஆஸ்பத்திரிக்கு என்னைப் பாக்க ரொட்டி வாங்கிட்டு வந்தாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்லா."

குண்டடி பட்ட செய்தியைவிட அது என்னை அதிகமாக உலுக்கியது.

அன்றே துரையிடம் சொன்னேன். அடுத்த லாரியில் நானே தாப்பாவுக்கு இறங்கிப் போய், பாயிடமும் சொன்னேன்.

டைல்ஸ் கணக்குப் போடும் தம்பிகளே, நீளமும் அகலமும் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகும். சந்தேகமிருந்தால் தரையில் ஒரு கட்டம் போட்டு அடுக்கிப் பாருங்கள். அப்படியும் பிசகினால், யார் பிசகினார் என்று கேட்கும் முன்பே உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள்.