பிளக்கைப் பிடுங்கியும் பச்சை

தப்புக் கண்டுபிடிக்கும் தொழிலில் ஒரே ஒரு ஆபத்துதான்: தப்பு நிஜமாகவே கிடைத்துவிடும்.

ஷெல்லில் நாலு வரி எழுதி, சர்வரை எழுப்பி, அது எழுந்திருக்காமல் போய்த் திட்டு வாங்கிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு என் வேலையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும், யார் எப்போது செய்தார்கள் என்பதோடு ஒரு சர்வர் பத்திரமாக வைத்திருக்கும். பழைய சர்வரில் இருப்பதைப் புதியதற்கு மாற்றித் தருவது எங்கள் கம்பெனி. மாற்றியது சரிதானா என்று பார்க்கும் குட்டிக் கட்டளைகளை எழுதுவது நான். ‘சர்வரை எழுப்பு’, ‘கோப்பை அனுப்பு’, ‘திரும்ப வாங்கி ஒப்பிட்டுப் பார்’, ‘சர்வரை நிறுத்து’. எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் என் உலகம்.

நிறுத்து என்றால் நிறுத்து

முதலில் சோதனை சர்வர் சென்னை ஆபீசில்தான் இருந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த தினேஷ், என்னுடைய ‘சர்வரை நிறுத்து’ கட்டளை மெதுவாக ஓடுகிறது என்று தானே ஒரு திருத்தம் செய்தார். சோதனை சர்வரை மட்டும் நிறுத்த வேண்டியது, அதற்குப் பிறகு அந்த மெஷினில் கண்ணில் பட்ட சர்வரையெல்லாம் நிறுத்தியது. கம்பெனி மொத்தமும் வேலையில்லாமல் டீக்கடைக்குப் போய்விட்டது. ஏற்காட்டு மலையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எனக்கு வரிசையாகப் போன். 

இனிமேல் சோதனை சர்வர் இந்தக் கட்டடத்திலேயே இருக்கக் கூடாது என்று மேனேஜர் முரளி சார் உத்தரவு போட்டார். அது ஓர் அட்டைப்பெட்டியில் ஏறி, சேலம் வந்து, பஸ் மாறி, ஏற்காட்டில் கொட்டச்சேடு என்ற ஊரில் நான் குடியிருக்கும் மாடி அறைக்கு வந்து சேர்ந்தது. தினேஷுக்குக் கொஞ்சமாவது வருத்தம் இருக்கும் என்று நினைத்துப் போன் செய்தேன். “நிறுத்தறதுல என்ன குறை சொல்றீங்க கவிதா? ஒண்ணுகூடத் தப்பிக்கலையே!” என்றார்.

வீட்டுக்கார அக்கா

கீழே குடியிருப்பவர் வீட்டுக்காரர் பாப்பாத்தி அக்கா. கணவர் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மாடிக்கு வந்து அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நானும் உற்சாகமாக ஒரு கோப்பை அனுப்பி, அதையே திரும்ப வாங்கி, பச்சை வந்ததைக் காட்டினேன்.

“ஏனுங்க கண்ணு, நீங்களே ஒண்ணைப் பொட்டிக்குள்ள போட்டு, நீங்களே வெளிய எடுத்து, நீங்களே சரியா இருக்குன்னு சொல்லிக்கறீங்க. இதுக்கு மாசாமாசம் சம்பளமுங்களா?”

இஸ்திரிப் பெட்டி

சேலத்தில் குமரேசன் என்று ஒரு வாடிக்கையாளர். தனியார் பஸ்களின் டிக்கெட் மெஷினுக்கு மென்பொருள் எழுதித் தருபவர். தொழில் தொடங்கிய நாளிலிருந்து எழுதியதெல்லாம் அவரிடம் ஒரே ஒரு பழைய சர்வரில் இருந்தது. அதற்கு வேறு பிரதி கிடையாது. நாங்கள் அதைப் புதியதற்கு மாற்றி, ஒப்பிட்டுப் பார்க்க என் அறைச் சோதனை சர்வரிலும் ஏற்றியிருந்தோம். வெள்ளிக்கிழமை பழைய மெஷினை அழித்து எக்ஸ்சேஞ்சில் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. நான் தினமும் சோதனை ஓட்டினேன். தினமும் பச்சை.

புதன்கிழமை மலை முழுக்க மூடுபனி. காலையில் ஓட்டினேன், வழக்கம்போல் வரிசையாகப் பச்சை. ஏதோ ஒரு சத்தம் குறைகிறதே என்று திரும்பிப் பார்த்தேன். சர்வர் அணைந்து கிடந்தது. அதன் பிளக் தரையில் கிடந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத சர்வருக்குக் கோப்பை அனுப்பி, இல்லாத சர்வரிடமிருந்து திரும்ப வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்றும் சொல்லியிருக்கின்றன என் கட்டளைகள்! இன்னொரு தடவை ஓட்டினேன். பச்சை. பேயைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கீழே ஓடினேன். பாப்பாத்தி அக்கா நிதானமாகக் கணவரின் காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். “மூணு நாளாத் துணி காயலீங்க. பெரிய பிளக் பாயின்ட் இந்த ஊட்டுக்கே அது ஒண்ணுதானுங்களே, அதான் மேல வந்து தேச்சேன். நீங்க குளிச்சுட்டு இருந்தீங்க. ஏங்க கண்ணு, உங்க வேலை ஏதாச்சும் நின்னு போச்சுங்களா?”

வெள்ளிக்கிழமை வரைக்கும்

நிற்கவில்லை என்பதுதானே பிரச்சினை! தோண்டிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. எங்கள் கட்டளைகள் எல்லாம் முரளி சார் எழுதிய ‘ஓட்டு’ என்ற ஒரே கட்டளை வழியாகத்தான் ஓடும். அது வேலையைச் செய்து, வந்த பதிலை இன்னொரு கட்டளையிடம் கொடுத்துப் பதிவு செய்து வைக்கும். இப்படி இரண்டைக் கோத்துவிட்டால் கடைசியில் இருப்பவன் சொல்வதைத்தான், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் கேட்கும். கடைசியில் இருந்தவன் பதிவு எழுதுகிறவன். ‘சர்வர் செத்துப்போச்சு’ என்று பிழையில்லாமல் எழுதி வைத்துவிட்டு, ‘என் வேலை முடிந்தது, சரி’ என்பான். உடனே பச்சை. பச்சை வந்த பிறகு பதிவை யார் திறந்து படிக்கிறார்கள்?

அதைத் திருத்தி, பிளக்கையும் செருகிவிட்டு ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. குமரேசனின் பழைய திருத்தங்களில் பாதி புதிய சர்வருக்கு வந்து சேரவே இல்லை.  வெள்ளிக்கிழமை அந்த மெஷினை அழித்தால், அந்த மனிதரின் உழைப்பில் பாதி காற்றோடு போய்விடும். முரளி சாருக்குப் போன் செய்து மூச்சு விடாமல் சொன்னேன். அவரும் பதறுவார் என்றுதான் நினைத்தேன்.  ஆனால் அவர் சொன்னதைக் கேட்டதில் சர்வர் அதிர்ச்சியே எனக்கு மறந்துபோனது.

“வெள்ளிக்கிழமை அவர் வேலை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடற வரைக்கும் மட்டும் பழைய கட்டளையையே போட்டு வைங்க கவிதா. அப்புறம் மெதுவா சரி பண்ணிக்கலாம். மலையிலேயே உக்காந்து வேலை பாக்க உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தான்னு மறந்துடாதீங்க.”

குப்பனூர் வழியாக

குமரேசனிடம் போனில் சொன்னால் அவர் அடுத்த நிமிடம் முரளி சாரைக் கூப்பிடுவார்; முரளி சார் தேன் தடவிப் பேசிச் சமாதானம் செய்துவிடுவார். அதனால் வியாழக்கிழமை காலையில் நேரிலேயே கிளம்பினேன். பெரிய மலைப்பாதையில் பாறை சரிந்து போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். குப்பனூர் வழியாக இறங்கும் பஸ்ஸைப் பிடித்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் வேலை போவது எனக்குத் தெரிந்தது. திரும்பிவிடலாமா என்றும் தோன்றியது, பொய் சொல்லவில்லை.

குமரேசன் ஆபீஸ் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. உள்ளே பழைய சர்வர்தான். “அழிச்சுட்டீங்களா?” என்று கத்தியேவிட்டேன். “இல்லீங்கம்மா. கடைக்காரரு ஒரு நா முன்னாடியே எடுத்துக்கறேன்னாரு. அவரே அழிச்சுக்குவாருங்க” என்றார் அவர். நான் யாரையும் கேட்காமல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். அவிழ்த்துக்கொண்டே காக்கிச் சட்டையிலிருந்து சிவப்புத் திரைவரை அத்தனையும் சொன்னேன். முரளி சார் சொன்னதையும் சொல்லிவிட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

 அவர் அந்த மெஷின் மேல் கையை வைத்தார். பிறகு, “பச்சைன்னு சொன்னப்பெல்லாம் ஒருத்தரும் நேர்ல வரலீங்களே” என்று மட்டும் சொன்னார். போனை எடுத்து, என் எதிரிலேயே முரளி சாரைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

“ஏனுங்க முரளி சார், கவிதாம்மா இங்கதான் இருக்காங்க. மாத்தற வேலையை மறுபடியும் மொதல்ல இருந்து செய்யுங்க. டெஸ்ட்டு அவங்கதான் ஓட்டணும். மொதல்ல பிளக்கைப் புடுங்கிட்டு ஓட்டச் சொல்லுங்க. அதுல செவப்பு வந்தாத்தானுங்க, அப்புறமா வர்ற பச்சையை நான் நம்புவேன்.”

இப்போதெல்லாம் பாப்பாத்தி அக்கா பிளக்கைப் பிடுங்கி ஒரு சட்டை தேய்த்து முடித்த பிறகுதான் எங்கள் சோதனை தொடங்குகிறது. ஆக, மென்பொருள் உலகத்திலேயே ரைட்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தரம் பார்க்கும் ஒரே கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும்.