தூக்கும் எண்ணெயும் நிறுத்தும் எண்ணெயும்

கடந்த வாரம் திங்கட்கிழமை, திருகோணமலை நகரில் ஒரு கடையின் உள்ளே, மூன்று எண்ணெய்க் கலன்களுக்கு எதிரே அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். தேர்தல் வாக்குச் சீட்டின் முன்னால்கூட நான் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

தம்பலகாமத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் உண்டு. அதை உழுவதற்கு, என் மனைவியின் தம்பி இராசனும் நானும் சேர்ந்து வாங்கிய சிறு உழவு இயந்திரமும் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் திறந்தாயிற்று. எங்கள் பக்கத்துக்கு ஐந்தே நாட்கள். அதற்குள் உழுதுவிட வேண்டும். தவறினால் இந்தப் போகம் இல்லை. இந்த நேரம் பார்த்து, இயந்திரத்தின் பின்னால் இருக்கும் சுழல் கலப்பை மேலே எழும்ப மறுத்துவிட்டது. வயல் மூலையில் திரும்பும்போது அதைத் தூக்கியே ஆக வேண்டும். தூக்காவிட்டால் வரம்பையும் சேர்த்தல்லவா உழும்?

"ஹைட்ரோலிக் ஒயில் காணாது அத்தான். வாங்கி ஊத்தினாச் சரி" என்றார் இராசன்.

வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு கலனில் 32 என்று எழுதியிருந்தது. அடுத்ததில் 46. மூன்றாவதில் 68. இந்த இலக்கங்களை எப்படி விளங்கிக்கொள்வது? பரீட்சைப் புள்ளியைப் போலக் கூடியது சிறந்ததா... இரத்த அழுத்தத்தைப் போலக் குறைந்தது நல்லதா?

கடைக்காரரிடம் வினவினேன்.

"எல்லாம் நல்ல ஒயில்தான் ஐயா. உங்களுக்கு எது வேணும்?"

அதைத்தானே நான் கேட்கிறேன்!

இராசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் துறைமுகப் பக்கம் மீன்பிடிப் படகுகளின் விஞ்சு திருத்துபவர். வலையை இழுத்து ஏற்றும் பொறி அது. "அறுபத்தெட்டை எடுங்கோ அத்தான். போன போகமும் அதைத்தானே ஊத்தினனாங்கள். தொன் கணக்கில வலை இழுக்குது, எங்கட கலப்பையைத் தூக்காதோ?"

மறுக்க முடியவில்லை. துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்கு ஒரு குணம் உண்டு — கப்பலுக்கு நல்லதென்றால் எல்லாவற்றுக்கும் நல்லது. எங்கள் வீட்டு வாசல் படலைக்குக் கப்பல் பெயின்ற். கிணற்று வாளிக்குக் கப்பல் கயிறு. உழவு இயந்திரம் மட்டும் என்ன பாவம் செய்தது?

கலனோடு வயலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வீதியிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதை செங்குத்தானது. ஒரு பக்கம் ஆழமான வாய்க்கால். இராசன் இயந்திரத்தை அதன் வழியே இறக்கிக்கொண்டு வந்தார். பிரேக்கை மிதித்ததும் ஒரு கிரீச்சிடல்! நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு அடி வந்தே நின்றது. நான் பாய்ந்து விலகியதில் ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று.

"சேறு பிடிச்சிருக்கு. ஒண்டுமில்லை" என்றார் இராசன்.

அந்தச் சத்தம் அடுத்த வயலில் இயந்திரம் திருத்திக்கொண்டிருந்த கிண்ணியா ரபீக் நானாவை அழைத்து வந்துவிட்டது.

"ஆர்ர ட்ரக்டர் இப்பிடி அழுகுது?" என்று கேட்டபடி வந்தவர், எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தார். பால் தேநீரின் நிறம். "என்ன ஒயில் ஊத்தின நீங்க?"

இராசன் என்னைப் பார்த்தார். நான் தூரத்தில் நின்ற கொக்கைப் பார்த்தேன். ஆயினும் போன போகம் அந்த 68-ஐ ஊற்றிய கை என்னுடையது. சொல்லிவிட்டேன்.

"ஐயா, இதில கியர், தூக்குற சாமான், பிரேக்கு... மூணும் ஒரே ஒயிலுக்குள்ளதான் கிடக்குது. இந்தப் பிரேக்குக்கு விஞ்சு ஒயில் சரி வராது."

"அப்ப தொன் கணக்கில தூக்கிற ஒயில் கூடாதோ?" இராசனுக்குச் சினம்.

"தூக்கும் தம்பி, நல்லாத் தூக்கும். நிக்காது!"

"இப்ப தூக்கவும் இல்லையே நானா?"

"தண்ணி கலந்திரிக்கி. பில்டரும் அடைச்சிரிக்கும். முழுக்க வடிச்சுக் கழுவோணும். பிறகு, இந்த மெசின்ட தகட்டில உள்ள எழுத்தைக் கொண்டுபோய்க் காட்டி, இதுக்குரிய ஒயிலக் கேளுங்க."

"ஒரு நாள் போயிடும். இப்ப ஊத்தி உழுவம்; உழுதிட்டு மாத்துவம்" என்றார் இராசன்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கோ கியரும் விளங்கவில்லை, 68-உம் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: இன்று இரண்டு அடி. நாளை அந்தச் சரிவில், வாய்க்கால் ஓரத்தில், எத்தனை அடி? என் மனைவிக்கு ஒரே தம்பி.

"வடியுங்கோ" என்றேன். இராசன் முணுமுணுத்தபடி எண்ணெயை வடிக்கக் குனிந்தார்.

செவ்வாய்க்கிழமை அதே கடைக்குப் போய், தகட்டில் இருந்ததை எழுதிய தாளை நீட்டினேன். கடைக்காரர் குனிந்து, கீழ்த் தட்டிலிருந்து நான்காவது கலன் ஒன்றை எடுத்தார்.

"இதை ஏன் நேற்றுக் காட்டேல்லை?"

"நேத்து நீங்கள் ஹைட்ரோலிக் ஒயில் எண்டுதானே கேட்டனீங்கள் ஐயா? ட்ரக்டர் எண்டு சொல்லேல்லையே!"

உண்மை. எண்ணெயைக் கேட்டேனே தவிர, எதற்கென்று சொல்லவேயில்லை. நாம் மருத்துவரிடமும், அலுவலகங்களிலும் பாதி நேரம் இப்படித்தானே பேசுகிறோம்? புதிய கலனிலும் ஏதோ இலக்கங்கள் இருந்தன. நான் வாசிக்கவில்லை.

வெள்ளி மாலை, வாய்க்கால் நீர் மெலியும் வேளையில், இரண்டு ஏக்கரையும் உழுது முடித்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் மனத்தில் நிற்பது புதன்கிழமை. நானா புது எண்ணெயை ஊற்றி முடித்தார். கலப்பை சொன்னவுடன் எழுந்தது. இராசன் இயந்திரத்தை வீதிக்கு ஏற்றி, அதே சரிவில் இறக்கி வந்தார். நான் நடுப்பாதையில் நின்றேன். நகரவில்லை. கிரீச்சிடல் இல்லை, இயந்திரம் எனக்கு ஆறடி முன்னாலேயே அமைதியாக நின்றது.

"அத்தான், உங்களுக்கென்ன விசரே? தள்ளி நில்லுங்கோ!" என்று கத்தினார் இராசன்.

தள்ளி நின்றேன். எண்ணெயில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது... பிரேக்கை மிதிக்கும் இராசனின் காலில் இன்னும் வரவில்லை.