கள்ளுக்கடையில் கேட்டு வாங்கிய கயிறு

எங்கள் வீட்டுக் கிணற்று உருளை கிறீச்சிடுகிறது, எண்ணெய் விடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் விடுவதில்லை. பூந்தமல்லியில் ஹக்கீம் ஐயாவின் வைத்தியசாலையை ஒட்டிய பள்ளிவாசல் கிணற்றிலும் இப்படித்தான் ஓர் உருளை கத்திக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரன் காலம் அது. குடித்துவிட்டு ரகளை செய்தவர்களால் சப்ஜெயில் பிதுங்கியது; பாதிப் பேர் படுத்தால் மீதிப் பேர் நிற்க வேண்டும். என் அக்காள் புருஷன், நூம்பல் ஊர்க்கார மாமா, மறுபடியும் குடித்துச் சண்டையில் பிடிபட்டபோது ஹக்கீம்தான் கோர்ட்டில் எழுந்தார். "உள்ளே போட்டா, வெளியே வந்து திரும்பக் குடிப்பார். எங்கிட்ட விடுங்க, நான் ஜாமீன்." மாஜிஸ்திரேட்டுக்கும் ஆளை அடைக்க இடமில்லை. ஒரு வாய் குடித்தாலும் நேரே ஜெயில் என்று சொல்லி அனுப்பினார். அக்காள் அப்போது நிறைமாதம்.

முதலில் வாந்தியும் கைநடுக்கமும். ஹக்கீம் கஷாயம் கொடுத்து, கஞ்சி ஊட்டித் தேற்றினார். நடுக்கம் நின்றதும், தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் தொட்டியை நிரப்பும் வேலையை மாமாவிடம் விட்டார். "மருந்து உடம்புக்குத்தான் தம்பி. சாயங்காலம் ஆனா கால் தானா கடைப் பக்கம் திரும்புதே, அதுக்கு மருந்து இல்ல. அந்த நேரத்துல நாலு பேர் இவரை எதிர்பார்த்து நிக்கணும்" என்பார்.

ஒருநாள் அந்தி நேரத்தில் சோறு கொண்டுபோனேன். உருளைச் சத்தம் இல்லை. தொட்டியில் பாதிகூடத் தண்ணீர் இல்லை. "உங்க மாமாவா? குமணன்சாவடி கள்ளுக்கடைக்கு ஓடிகினு இருந்தாரே" என்றார் ஒரு வண்டிக்காரர். ஹக்கீம் வாசலுக்கு வந்து நின்றார். நான் ஓடினேன்.

எதிரே மாமா வந்தார், தோளில் ஈரக் கயிற்றுச் சுருளோடு. பின்னாலிருந்து கடைக்காரன் கத்தினான்: "அண்ணாத்தே, காலைல கொண்டாந்துடு! எனக்குப் பானை கழுவணும்!"

"இன்னாடா மச்சான், மூஞ்சி பேயறஞ்சாப்ல கீது? கெணத்துக் கயிறு அறுந்துபூட்ச்சி. அம்மாம் நீளக் கயிறு எனக்குத் தெரிஞ்சு அந்தக் கடைக் கெணத்துலதான் கீது." என் பார்வை புரிந்து, வாயை ஆவென்று திறந்தார். "மோந்து பாரு. கஷாய நாத்தந்தான் வரும். வழிய வுடு, ஜனம் காத்துகினு கீது!"

விஷயம் கேட்டு, ஹக்கீம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அந்தக் கடைக்குப் போய்க் கயிறு வாங்கிவந்த ஆள் இவர் ஒருத்தர்தான்!" உருளை கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. தூக்குச்சட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அக்காளுக்கு அந்த நிறைமாதத்தில் பிறந்தவன்தான் இதோ, எண்ணெய்க் கிண்ணத்தோடு கிணற்றடிக்கு வருகிறான். வேண்டாமடா என்கிறேன். கத்தட்டும். அது கத்துகிறவரை, எனக்கு மாமா கிணற்றடியில்தான் இருக்கிறார்.