ஐம்பதடி ஆழத்தில் மாசாணத்தின் மூச்சு

பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கிணற்று மோட்டார் கயிறறுந்து நீரில் விழுந்துவிட்டால் முதலில் தேடப்படுபவர் மாசாணம். வயது நாற்பத்தாறு. தந்தையார் பிறர் காட்டில் உழுதவர். மகனுக்கு நீரே காடாயிற்று. தொடக்கத்தில் எட்டு ஆண்டுகள் மூச்சடக்கியே மூழ்கினார். பிறகு கடலோர ஊரொன்றில் முறைப்படி பயின்று, முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டரும் அதனோடு பூட்டும் ரெகுலேட்டரும் வாங்கினார்.

அந்த ரெகுலேட்டரைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். சிலிண்டருக்குள் இருநூறு மடங்கு நெருக்கி அடைத்த காற்று மார்பைக் கிழிக்க வல்லது. அதன் சீற்றத்தை உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் தலை தணிக்கிறது. அங்கிருந்து குழாய் வழியே வரும் காற்றை, வாயில் கவ்வும் பகுதி, சுற்றியுள்ள நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அளவில், உறிஞ்சும்போது மட்டும் வழங்குகிறது. கேட்டால் கொடுக்கும், கேளாதபோது காத்திருக்கும். கருவறை முன் நிற்பவரின் ஒடுக்கத்தோடுதான் மாசாணம் அதைக் கையில் எடுப்பார்.

சென்ற ஐப்பசியில் சுப்பண்ணன் என்பவரின் வாழைத்தோட்டத்துக் கிணற்றில், விழுந்த மோட்டாரை எடுக்க இறங்கினார். ஐம்பதடி நீர். முப்பதடி தாண்டியதும் மூச்சு கனத்தது. தடித்த துணியை வாயில் வைத்து அதன் வழியே காற்றை இழுப்பதுபோல் இருந்தது. பதறாமல் மெல்ல மேலேறினார். கரையில் அமர்ந்து அதே கருவியில் மூச்சிழுத்துப் பார்த்தார், எளிதாக வந்தது. மறுபடி இறங்கினார். மறுபடியும் அதே முப்பதடியில் அதே கனம்.

"ஏப்பா மாசாணம், உள்ள ஏதாச்சும் மோகினி கையப் புடிச்சு இழுத்துச்சா?" என்றார் சுப்பண்ணன்.

"இழுத்திருந்தா வந்திருக்கவே மாட்டனுங்களே," என்று சிரித்தவர், மூன்று நாள் தவணை கேட்டுக்கொண்டு புறப்பட்டார். சிரிப்பு வாயோடு நின்றது. பெருந்தொற்று ஆண்டில் நுரையீரல் பாதிக்கப்பட்டுப் பத்தொன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தவர் அவர். குணமாகிவிட்டது, இறங்கலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனாலும் அன்று கிணற்றில் கனத்தது கருவியல்ல, தம் நெஞ்சே என்று அவர் உறுதியாக நம்பினார்.

மறுநாள் காலை மனைவி பொற்கொடியிடம் சொன்னார்: "இனி நான் கெணத்துல எறங்கலெ புள்ள. நெஞ்சு போச்சு."

பொற்கொடி பம்பு தொழிற்சாலையொன்றில் வால்வுகளைச் சோதிக்கும் பிரிவில் பதினாறு ஆண்டுகளாகப் பணியாற்றுபவர். எந்தக் குறையையும் அளந்து பாராமல் ஒப்புக்கொள்ளாதவர்.

"ஏனுங்க, நெஞ்சு போச்சுன்னு யாரு சொன்னா?"

"நானே சொல்றேன். கரையில நல்லா இருக்குது, ஆழத்துல இழுக்க முடியலெ. மிசினு கெட்டிருந்தா கரையிலயும் கெட்டிருக்கோணுமல்ல?"

"அத மிசினுகிட்டக் கேட்டுப்போட்டு அப்புறம் நெஞ்சுக்குப் போலாமுங்க. கொண்டாங்க இங்க."

வாசலில் சாக்கை விரித்துக் கருவியைப் பூட்டினார்கள். சிலிண்டரின் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார் பொற்கொடி. திறந்திருந்தது. காற்றும் நிறைய இருந்தது. மாசாணம் வாயில் கவ்வி இயல்பாக மூச்சிழுத்தார், தடையில்லை.

"அப்படியில்லீங்க. ஓடிக் களைச்ச மாதிரி வேகமா, ஆழமா இழுங்க."

இழுத்தார். காற்றளவு காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த பொற்கொடி கையுயர்த்தி நிறுத்தினார். ஒவ்வோர் இழுப்புக்கும் முள் சரேலெனக் கீழிறங்கி, இழுப்பு நின்றதும் பழைய இடத்துக்கே ஏறியது.

வாய்ப்பகுதியின் நடுவிலுள்ள பொத்தானை அவரே அழுத்தினார். காற்று சீறியது, முள் விழுந்தது. விட்டார், எழுந்தது. துணைக்கென்று இருக்கும் இரண்டாம் வாய்ப்பகுதியிலும் அவ்வாறே. வேறு சிலிண்டரில் பூட்டியும் மாற்றமில்லை.

"இப்ப பொத்தான அமுக்குனது என்ர வெரலு. உங்க நெஞ்சுல குறையின்னா, என்ர வெரலுக்கு முள்ளு எதுக்குங்க ஆடுது?"

மாசாணம் முள்ளைப் பார்த்தார். அவர் கை தம் மார்பைத் தொட்டு நின்றது.

இரண்டு வாய்ப்பகுதியிலும் ஒரே குறையென்றால் இரண்டுக்கும் பொதுவான தலையில்தான் அடைப்பு இருக்க வேண்டும். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றிவிட்டுப் பொற்கொடி தலையைக் கழற்றினார். அதில் காற்று நுழையும் துளையில், சட்டைப் பொத்தான் அளவில், நுண்துளைகள் நிறைந்த ஒரு வடிகட்டி உண்டு. வெள்ளியென மின்ன வேண்டிய அது சாம்பல் நிறத்தில் அடைத்துக் கிடந்தது. ஓரத்தில் மஞ்சள், நடுவில் சிவப்பு.

பொற்கொடி அந்தச் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சாமி... நான் வச்சதுங்க."

ஆயுத பூசையன்று வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் திருநீறும் சந்தனமும் குங்குமமும் இட்டவர் அவரே. ரெகுலேட்டரின் மூடி கழன்றிருந்தது. நடுவில் வட்டமாக மின்னிய அந்த வடிகட்டி நெற்றிபோல் தெரிய, மூன்று விரலால் திருநீறு பூசி, குழைத்த சந்தனத்தை அழுத்தி வைத்து, மேலே குங்குமமும் இட்டிருந்தார். சந்தனம் துளைகளுக்குள் இறங்கி இறுகிவிட்டது. அதற்குப்பின் மாசாணம் இறங்கிய முதற்கிணறு சுப்பண்ணனுடையது.

கரையில் அத்தடை தெரியாது. ஐம்பதடியில் ஒரு மூச்சுக்கு வேண்டிய காற்று கரையில் வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு. அவ்வளவும் மிஞ்சிய சில துளைகளின் வழியே வந்தாக வேண்டும். ஒரு சிட்டிகைத் திருநீறு, ஆழம் கூடக் கூட ஒரு மனிதனின் உயிரை அளந்து அளந்து இறுக்கியிருக்கிறது.

"உங்கள நானே கொன்னிருப்பனுங்க."

"கும்புட்டுக் கொல்ற பொண்டாட்டி ஆருக்குக் கெடைக்கும்?" என்றார் மாசாணம். "அடுத்த வருசம் மூடியப் போட்டு, மூடிமேல பூசு அம்மணி."

வடிகட்டியைச் சுரண்டக் கூடாதென்று இருவருக்கும் தெரியும். கோயம்புத்தூரில் இவ்வகைக் கருவிகளைப் பழுது பார்க்கும் ரூபனிடம் கொண்டுபோனார்கள். அவர் தலையைப் பிரித்து உள்ளே துடைத்து, புதிய வடிகட்டி பொருத்தி, அழுத்தத்தைச் சரிபார்த்தார். "அழுக்கும் துருவுமா கொண்டாருவாங்க. பூசை பண்ணிக் கொண்டாந்தது நீங்கதானுங்க மொதல்ல," என்றார்.

மூன்றாம் நாள் மாசாணம் மீண்டும் சுப்பண்ணன் கிணற்றில் இறங்கினார். இடுப்புக் கயிற்றின் மறுமுனையை விடுப்பெடுத்து வந்த பொற்கொடி பற்றியிருந்தார். பத்தடிக்கொருமுறை நின்று கயிற்றை ஒருமுறை இழுக்க வேண்டும் என்பது பேச்சு. பத்து, இருபது. முப்பதில் சற்றுத் தாமதித்து வந்தது அந்த இழுப்பு. நாற்பது. பிறகு கயிறு அசையவில்லை. நீர்க்குமிழிகள் மட்டும் கொத்துக்கொத்தாய், சீராக, ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுந்து உடைந்தன. பொற்கொடி அவற்றைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

நெடுநேரத்துக்குப் பின் கயிறு ஒருமுறை இழுபட்டது: ஐம்பது. அதன்பின் மோட்டாரில் வடம் கட்டியாயிற்று என்னும் மூன்று இழுப்பு வந்தது.

மேலே வந்தவரிடம் சுப்பண்ணன் கேட்டார்: "அடியில போயி அத்தன நேரம் என்னப்பா பண்ணுனே? அந்தப் புள்ள பயந்தே போச்சு."

மாசாணம் முகத்து நீரை வழித்துக்கொண்டு பொற்கொடியைப் பார்த்தார்.

"ஒண்ணும் பண்ணலீங்க. சும்மா மூச்சு உட்டுட்டு இருந்தனுங்க."