நூலை விட்டு விலகிய புள்ளி

எங்கள் தெருமுனையில் விமான டிக்கெட் போட்டுத் தருகிறவருக்கு நூல்காரர் என்று பெயர். கடைச் சுவர் முழுக்க உலகப் படம். புறப்படும் ஊரில் ஓர் ஆணி, சேரும் ஊரில் ஓர் ஆணி, நடுவே சிவப்பு நூல். நூலை அளந்து தூரம் சொல்வார், அதை வேகத்தால் வகுத்து நேரம் சொல்வார். தூர தேசமென்றால், விமானம் நிஜமாக எடுக்கும் நேரத்தைவிட அவர் கணக்கில் நாலு மணி நேரம் கூடுதலாகவே வரும். கேட்டால், "பின்காத்து தள்ளிட்டுப் போயிடுதுங்க" என்பார். போகும்போதும் பின்காற்று, வரும்போதும் பின்காற்றா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அவருடைய ஒரே மகளுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளைக்கு வேலை உலகத்தின் அந்தக் கோடியில்.

"நடுவழியில வலி எடுத்தா என்னப்பா பண்றது?"

"நூலைப் பாரும்மா. பதினெட்டாயிரம் கிலோமீட்டர், கடல் கொஞ்சம்தான். மத்தபடி அடியில பூரா பெரிய பெரிய ஊரு. எங்க வலிச்சாலும் சட்டுனு இறக்கிடுவாங்க."

"பிரசவம் இங்கயே ஆகட்டுமே" என்றாள் மனைவி.

"உனக்கு எதுலதான்டி பயமில்ல?"

மகள் ஏறிவிட்டாள்.

கடைக் கணினியில் விமானம் ஒரு மஞ்சள் புள்ளி. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அது நூலை விட்டு விலகியது. மேகத்துக்கு ஒதுங்குகிறது என்று நினைத்தார். அது திரும்பவேயில்லை. வடக்கே, இன்னும் வடக்கே போய், ஊர்ப்பெயர்களெல்லாம் தீர்ந்து, திரை வெள்ளையாகிவிட்டது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "எங்க போறா?"

"நூல் மேலதான்."

"இதென்ன வெள்ளையா?"

"மேகம்."

சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. படம்தான் தட்டை, பூமி உருண்டை. உருண்டையின் உச்சந்தலை வழியாகப் போனால் தூரம் குறைவு. அந்த நாலு மணி நேரத்தைத் தின்றது காற்றில்லை, இந்த வடதுருவத்துப் பனி. அங்கே ஊருமில்லை, இறங்க இடமுமில்லை.

புள்ளி நின்றது. பிறகு அணைந்தது. திரையைச் சட்டைக் கையால் துடைத்துப் பார்த்தார்.

அன்று அந்தக் கடை மின்விசிறியில் பனி படிந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் போய் ஆணியைத் தொட்டுப் பாருங்கள், இன்னும் சில்லென்றிருக்கும். மனைவி வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாடு திறக்காமலே கிடந்தது.

மறுநாள் காலையில்தான் மகளிடமிருந்து போன் வந்தது. "இறங்கிட்டேம்பா."

"வலி ஏதும்...?"

"நடுவுல எடுத்துச்சு. கீழ ஊரு இருக்கும், இறக்குங்க, எங்கப்பா சொல்லிருக்காருன்னேன். அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு ஜன்னல் மூடியத் தூக்கிக் காட்டுச்சுப்பா."

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"விடவே மாட்டேங்குது. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். அம்மாவ வரச் சொல்லுங்கப்பா."

மனைவி எழுந்து நின்றாள். "டிக்கெட் போடுங்க. எவ்வளவு நேரமாகும்?"

பழக்கத்தில் அவர் கை சுவர்ப் பக்கம் நீண்டது.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.