தறிக்குழிப் பூனை

காஞ்சிபுரத்தில் நாங்கள் சேலை வாங்க வந்திருக்கும் நெசவாளர் வீட்டில், தறிக்குழிக்குள் கையை விட்ட என் மகளைப் பூனை கீறிவிடுகிறது. கஞ்சி போட்ட பாவு நூலை எலி கடிக்காமலிருக்க வளர்க்கும் பூனை. நீண்ட கால்கள், குட்டை வாலில் கருவளையங்கள். வீட்டுப் பூனையின் முன்னோர் பாலைநிலக் காட்டுப்பூனைகள் என்றும், ஏரிப் புதர்களில் திரிவது வேறு இனம் என்றும் படித்திருக்கிறேன். இது எது? போனில் படம் தேடுகிறேன்.

"இது காட்டுப்பூனையாங்க?"

நெசவாளரின் மனைவி என் மகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

"பாலாத்து நாணல்ல கெடச்ச குட்டி. எதுவா இருந்தா இன்னாம்மா? புள்ள அழுவுது, நீ வாலப் பாத்துக்கினு நிக்கிற. எது கீறினாலும் ஊசி போட்டாவணும். ஆட்டோ வருது, தூக்கு."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தூக்குகிறேன். நுரை வழியும் விரல்களால் மகள் என் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறாள்.